நனையாத கட்டு

கருத்தையாவின் கைக்கட்டை அவிழ்த்ததும் நாற்றம் முகத்தில் அடித்தது. ராஜபாளையம் மில் மெஷினில் மாட்டி நசுங்கிய கை அது. ஸ்ரீவில்லிபுத்தூர் தர்ம ஆஸ்பத்திரியில் நர்ஸ் அன்னாள்தான் கட்டுப் போட்டிருந்தாள்.

"உள்ளுக்குள்ள என்னமோ ஊருதுன்னு நேத்தே சொன்னேனே, நர்சம்மா."

சீழைக் குடித்திருக்க வேண்டிய துணி நனையவே இல்லை. அடியில் தேங்கிக் கிடந்த சீழ் மஞ்சள் மஞ்சளாகத் திரண்டு, துணிமேல் உருண்டு அவள் மணிக்கட்டில் விழுந்தது. கூடவே ஒரு புழு. அன்னாள் பல்லைக் கடித்துக்கொண்டு புண்ணைக் கழுவினாள்.

பிறகு ஒரு புதுச் சுருளைப் பிரித்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டாள். சேம்பிலையில் நிற்பதுபோல் சொட்டு உருண்டையாக நின்றது, சாய்த்ததும் ஓடிவிட்டது. அந்தச் சுருளை அனுப்பியவன் அவள் அண்ணன் எலியேசர்.

மறுநாள் ராஜபாளையத்தில் அவன் கட்டுத்துணிப் பட்டறைக்குப் போனாள். தறியிலிருந்து வந்த கோராத் துணியைச் சலவைச் சோடாவில் வேகவைத்தால்தான் பஞ்சிலுள்ள மெழுகு போய் ஈரம் இழுக்கும். அங்கே அடுப்பு மூட்டிய தடமே இல்லை. வேகாத துணியில் சுண்ணாம்புப் பொடி பூசிச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள்.

எலியேசர் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"யுத்த காலத்துல சோடாவுக்கு எங்கட்டி போக? வெள்ளையாத்தான இருக்கு? முக்காவாசியும் பட்டாளத்துக்குப் போற சரக்கு. அங்க எவன் அவுத்துப் பாக்கப் போறான்?"

அன்னாள் பையிலிருந்த பழைய கட்டை அவன் இலைக்குப் பக்கத்தில் போட்டாள். "மோந்து பாருண்ணே."

அவன் வாயைப் பொத்திக்கொண்டு முற்றத்துக்கு ஓடி வாந்தியெடுத்தான். திரும்பி வந்து வாயைத் துடைத்தபடி சொன்னான்:

"சரி, ஒங்க ஆஸ்பத்திரிக்கு மட்டும் வேகவச்சதாத் தாரேன். வெளிய சொல்லாத."

சீழைக் கழுவியபோதுகூட அவளுக்கு இப்படிக் குமட்டியதில்லை.

பட்டாளத்துச் சரக்கைச் சரிபார்க்கும் அதிகாரி ரயில் ஸ்டேஷனில் இருந்தார். அன்னாள் நேரே அங்கே போய், அண்ணன் பெயர் போட்ட பொதியைப் பிரிக்கச் சொன்னாள். ஒரு டம்ளர் தண்ணீரை மேலே ஊற்றினாள். அவ்வளவும் வழிந்து அதிகாரியின் பூட்ஸில் விழுந்தது. சாயங்காலத்துக்குள் பட்டறைக்குப் பூட்டு விழுந்தது.

ஆனாலும் கருத்தையாவுக்கு இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

ஈஸ்டர் ஆராதனை முடிந்து எலியேசர் சமாதானமாகக் கையை நீட்டினான்.

"கூடப்பொறந்தவன்ட்டி நான்."

"அது தெரியும்ணே," என்றாள் அன்னாள். அந்தக் கையைத் தொட அவளுக்கு மனசு வரவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு படியிறங்கினாள்.