குண்டூசித் தலை

அண்ணியைப் பறிகொடுத்த பிறகு என் அண்ணன் பதினான்கு மாதம் அறையை விட்டு வெளியே வரவில்லை. செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் அவருக்கு வேலை. அடுத்தவர் வாய்க்கு அச்சு அசலாகப் பல் செய்து கொடுத்த மனுஷன், தன் வாயைத் திறப்பதையே விட்டுவிட்டார். கெஞ்சினேன், கத்தினேன், ஒருநாள் சாப்பாட்டுத் தட்டைக்கூடப் பிடுங்கிக்கொண்டேன். எதற்கும் மசியவில்லை. கடைசியில் அவரை வெளியே இழுத்து வந்தது ஒரு பூச்சி.

எங்கள் குடியிருப்பின் பின்பக்கம், தரைத்தளத்தில் அவர் அறை ஜன்னலை ஒட்டி ஏழெட்டு ரோஜாச் செடிகள் உண்டு. அதில் ஓர் இலைமேல் குப்பைத் துணுக்கு ஒன்று நடந்து போனதாம். பல்லைக் கிட்டத்தில் படமெடுக்க வைத்திருந்த கேமராவைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார். அரை அரிசி அளவுகூட இல்லாத பூச்சி அது. செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினிகளைப் பிடித்துத் தின்றுவிட்டு, அவற்றின் தோலையெல்லாம் முதுகில் ஏற்றிக்கொண்டு திரியும். அண்ணன் அதற்கு மூட்டைக்காரர் என்று பெயர் வைத்தார்.

"நேத்து தின்னவங்களையும் சேர்த்துக் கட்டிக்கிட்டாரு பாப்பா. இன்னைக்கு நடக்கவே முடியல" என்பார். நாற்பத்திரண்டு வயதிலும் நான் அவருக்குப் பாப்பாதான்.

விடியற்காலைக் குளிரில் பூச்சிகள் அசையாது. அந்த நேரத்தில் மண்ணில் குப்புறப் படுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுப்பார். எத்தனை படம் எடுத்தாலும் கடைசிப் படத்தில் மட்டும், என் தையல் மேசையிலிருந்து வாங்கிப்போன குண்டூசியின் தலையைப் பூச்சிக்குப் பக்கத்தில் காட்டுவார். எதற்கென்று கேட்டேன்.

"அளவு தெரியணும்ல. ஊசி இல்லைன்னா இவரை யானைன்னு நினைச்சுடுவாங்க."

பிறகு மூட்டைக்காரர் ஓர் இலையின் அடியில் வெள்ளை நூலால் தன்னையே சுற்றிக்கொண்டு, கடுகைவிடக் கொஞ்சம் பெரிய உருண்டையாகிவிட்டார். இரண்டு வாரத்தில் பச்சை இறக்கையோடு வெளியே வருவார் என்று அண்ணன் நாளை எண்ணத் தொடங்கினார்.

"அது வெளிய வர்றதை மட்டும் எடுத்துட்டா, மறுநாளே வேலைக்குப் போயிடுவேன் பாப்பா. முதலாளிகிட்ட சொல்லிட்டேன். இதுக்கு மேல இடத்தைக் காலியா வச்சிருக்க முடியாதுன்னாரு."

நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அதோடு சும்மா இருந்திருக்கலாம். எனக்குத்தான் சந்தோஷம் வந்தால் தலைகால் புரியாதே. அண்ணனை ஒரு மாதிரியாகப் பார்க்கிற இந்தக் குடியிருப்புக்கு அவர் யாரென்று காட்ட வேண்டும் என்று தோன்றிவிட்டது. மூட்டைக்காரரின் பழைய படம் ஒன்றை எடுத்துக்கொண்டு பிரிண்ட் கடைக்குப் போனேன். இருந்ததிலேயே தெளிவான படம் அது, கடைசிப் படம். ஓரத்தில் அந்த ஊசி மட்டும் கண்ணை உறுத்தியது. "இதை வெட்டிட்டு, எவ்வளவு பெருசா முடியுமோ அவ்வளவு பெருசா போடுங்க" என்றேன்.

வாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். இரண்டு கொடுக்குத் தாடைகளும் என் முழங்கை நீளம் இருந்தன. கீழே, 'இவர் நம் தோட்டத்தில்தான் வசிக்கிறார்' என்று எழுதினேன். பெருமை தாங்கவில்லை எனக்கு.

உருண்டையின் பதின்மூன்றாம் நாள், வேலைக்குப் போட்டுக்கொள்ள அண்ணனுக்குச் சட்டைத் துணி எடுக்கப் பின்பக்க வழியாகப் போனோம். நீல நிறத்தை அவரே தேர்ந்தெடுத்தார். திரும்பி வரும்போது வாசலிலேயே மருந்து நெடி மூக்கைத் துளைத்தது. ரோஜாச் செடிகளைக் கணுக்கால் உயரத்துக்கு வெட்டிச் சாக்கில் கட்டி, அதன்மேலும் மருந்தடித்திருந்தார்கள்.

குடியிருப்புச் செயலாளர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். "நல்லவேளை நீங்க படம் போட்டு எச்சரிச்சீங்கம்மா. குழந்தைங்க விளையாடுற இடம். அந்தச் சைஸு பூச்சி கடிச்சா என்ன ஆகுறது?"

அண்ணன் சாக்குப் பக்கம் போகவே இல்லை. நேராகப் பலகைக்குப் போனார். ரொம்ப நேரம் படத்தையே பார்த்தார்.

"ஊசி எங்க?"

"பார்க்க நல்லா இல்லைன்னு வெட்டச் சொன்னேண்ணே."

தலையை ஆட்டினார். திட்டவில்லை. அவர் திட்டியிருந்தால் இன்று நான் இப்படி வெந்துகொண்டிருக்க மாட்டேன். ஊரார் உடம்புக்கெல்லாம் அளவெடுத்து வயிறு கழுவுகிறவள் நான். அளவை வெட்டி எறிந்தவளும் நான்தான்.

அறைக்குப் போகும் வழியில் என் தையல் மேசைப் பக்கம் நின்றார். சட்டைப்பையிலிருந்து குண்டூசியை எடுத்து ஊசிமெத்தையில் குத்தி வைத்தார்.

"இது உன்னோடது பாப்பா" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

முதலாளி இரண்டு முறை போன் செய்தார். மூன்றாம் முறை, வேறு ஆள் போட்டாயிற்று என்று என்னிடம் சொன்னார். இது ஆறாவது வாரம். சாப்பாட்டுத் தட்டைக் கதவருகே வைக்கிறேன், பாதி திரும்பி வருகிறது. நீலத் துணி மேசையில் மடித்தபடி கிடக்கிறது. பழைய அளவு இப்போது அவருக்கு ஆகாது. புதிதாக அளவெடுக்க அவர் வெளியே வரவேண்டும்.