ஹேவர்பி பிரபு எத்தனை மணிக்கு இறந்தார்?

1

இந்தக் கதை, நான் குடியிருக்கும் ஆங்கிலக் கிராமத்து மதுக்கடையில் கிடைத்தது. ஆடு வளர்க்கும் என் பக்கத்து வீட்டுக்காரர் மீசையில் ஒட்டிய பீரைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பிரபு மகன் பொழப்பைப் பாருங்க. அப்பன் செத்தா பதவி உயர்வு. அன்னைக்கே வேலையும் போயிடும்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் குழப்பம் பிடித்தது. அது இன்னும் விடவில்லை.

2

முதல் தொடக்கம்: "1927 மார்ச் மாதம், நரி வேட்டைக்குப் போன ஹேவர்பி பிரபு குதிரையிலிருந்து—"

வேண்டாம். பிரபு என்றாலே குதிரை, நாய், வேட்டை; எனக்கே அலுத்துவிட்டது. அவர் நெஞ்சுச் சளியில் படுக்கட்டும். நமக்கு வேண்டியவன் அவர் மகன் லியோனல். மக்களவையில் பதினோரு வருடம் கொட்டாவி விட்ட பிறகு, உருப்படியாக ஒரு மசோதா கொண்டுவந்திருக்கிறான். பண்ணை ஆள் இறந்தால் அவன் மனைவியைப் பண்ணை முதலாளி கொடுத்த வீட்டைவிட்டுத் துரத்தக் கூடாது. வெள்ளிக்கிழமை வாக்கெடுப்பு.

அப்பாவின் மூச்சு நிற்கிற நொடியில் லியோனல் பிரபுவாகிவிடுவான்.* பிரபுவின் இடம் பிரபுக்கள் சபை; மக்களவையில் இடமில்லை, ஓட்டும் இல்லை.

(* பட்டம் வேண்டாம் என்று சொல்ல அந்தக் காலத்தில் வழியே கிடையாது.)

3

புதன்கிழமை, அப்பாவின் படுக்கையறை.

"எத்தனை நாள் தாங்கணும்?" என்றார் கிழவர்.

"என்னப்பா பேச்சு இது?"

"வெள்ளிக்கிழமை வரைக்கும்தானே? கூச்சப்படாம சொல்லுடா."

"சும்மா இருங்கப்பா, சூப்பைக் குடிங்க," என்றாள் லியோனலின் தங்கை ஹெஸ்டர்.

"நான் போனா அந்த வீடெல்லாம் உன்னோடது. யாரையும் துரத்தாம நீயே குடி வச்சுக்கலாமே. எதுக்குடா சட்டம்?"

"நம்ம பண்ணையில மட்டும்தான் விதவைங்க இருக்காங்களா?"

"அடேயப்பா! மேடையில பேசுற மாதிரியே பேசுறான் பாரு." சிரிக்கப் போய் இருமினார்.

இங்கேதான் லியோனல் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. 'அப்பா பிழைக்க வேண்டும் என்று மனமுருகி வேண்டினான்' என்று எழுதினேன். எதற்காக? அப்பாவுக்காகவா, அந்தப் பெண்களுக்காகவா, உட்கார்ந்து பழகிய இருக்கைக்காகவா? மூன்றையும் எழுதி மூன்றையும் அடித்தேன். அவனைக் கேட்டாலும் முழிப்பான்.

4

வெள்ளி காலை. லியோனல் லண்டனில் இருந்தான். ஒன்பது மணிக்குக் கிழவர் போய்விட்டார்.

இங்கே சாவு விழுந்த வீட்டில் உடனே ஜன்னல் திரைகளை இறக்கிவிடுவார்கள். பார்த்ததும் ஊருக்குத் தெரிந்துவிடும். வேலைக்காரி திரைக் கயிற்றில் கை வைத்தாள்.

"விடு அதை," என்றாள் ஹெஸ்டர்.

"அம்மா, பெரியவர்…"

"வெளிச்சம் வரட்டும். டாக்டரைச் சாயந்தரம் கூப்பிட்டுக்கலாம்."

பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, சத்தம் வெளியே கேட்காமல் அழுதாள். எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கிறது. அவள் செய்தது சரியா என்று மட்டும் கேட்காதீர்கள்.

5

பதினொரு மணிக்கு லண்டனிலிருந்து டெலிபோன்.

"ஹெஸ்டர்?"

"சொல்லு."



"அங்க மழையா?"

"இல்ல, வெயில் அடிக்குது."

"இங்க தூறுது."

"குடை எடுத்துட்டுப் போ."

வைத்துவிட்டான். அப்பாவைப் பற்றிக் கேட்கவில்லை. (இந்த ஊர் மக்கள் வார்த்தை வராதபோதெல்லாம் வானிலை பேசுவார்கள். ஆகவே அவனுக்குத் தெரிந்திருக்கலாம். சும்மாவும் வானிலை பேசுவார்கள். ஆகவே தெரியாமலும் இருக்கலாம்.)

மத்தியானம், லியோனலும் ஓட்டுப் போட, மசோதா ஒரே ஒரு ஓட்டில் தேறியது.

6

சாயங்கால ரயிலில் லியோனல் வந்து இறங்கினான். நடைமேடையில் ஹெஸ்டர் கறுப்பு உடையில் நின்றாள். அவன் தொப்பியைக் கழற்றினான்.

"எப்போ?" என்றான்.

அவள்—

இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை. 'காலையில' என்றால் அவன் போட்ட ஓட்டு செல்லாது, மசோதாவும் கவிழலாம். 'மத்தியானத்துக்கு மேல' என்றால், தனக்காகத்தான் அப்பா அதுவரை தாங்கினார் என்று அவன் சாகிறவரை நம்புவான். அந்த அப்பா அவனிடம் ஒருநாளும் அப்படி அன்பாக இருந்ததில்லை. அவன் இன்னும் தொப்பியைக் கையில் பிடித்தபடி நிற்கிறான். நீங்களே சொல்லிவிடுங்கள்.