செவ்வாய்க்கிழமைக்கு எதிரே ஒரு பெயர்

சாவு நேர்ந்த வீட்டு வாசலுக்கு வரும் உணவை மறுக்கக் கூடாது. டெர்வென்ட் ஆற்றோரத்து எங்கள் தெருவில் யாரும் யாருக்கும் சொல்லித் தராத விதி இது. வாங்கிக்கொள்ள வேண்டும், நன்றி சொல்ல வேண்டும், உண்ண முடியாவிட்டால் ஓசையின்றிக் குப்பையில் கொட்டிவிட்டு, அடியில் பெயர் ஒட்டிய தட்டைக் கழுவித் திருப்பித் தர வேண்டும்.

கிளைவ் ரட்லெட்ஜின் மனைவி ஜனவரியில் இறந்தாள். அந்த வாரம் முதல் அவன் வீட்டுக்குச் சமைத்துக் கொடுப்பதில் செவ்வாய் எங்கள் தெருக் கிளெனிஸின் முறை, வியாழன் என் முறை. மற்ற நாள்களுக்கும் ஆள் இருந்தது. உலகின் தென்பாதியில் இருக்கும் எங்களுக்கு ஜனவரி கோடைக்காலம். அந்தக் கோடையில் எல்லார் தோட்டத்திலும் வெள்ளரி போன்ற சுக்கினி காய்த்துத் தள்ளியதால், யார் சமைத்தாலும் பெரும்பாலும் வந்தது ஒன்றுதான்: துருவிய சுக்கினியை முட்டையும் சீஸும் சேர்த்து ஓவனில் சுட்டெடுத்த ஸ்லைஸ்.

மார்ச் மாதத்துச் செவ்வாய் ஒன்றில், மாலை ஐந்து மணிக்கு, என் தட்டை எடுத்துவரப் போனேன். கிளைவ் துருவியோடு போராடிக்கொண்டிருந்தான். எட்டு வயது மகள் டெஸ்ஸா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். மேசைமேல் அவளுடைய பள்ளி நோட்டு விரிந்து கிடந்தது. ‘எங்கள் வீட்டு இரவு உணவைச் சமைப்பவர்’ என்பது தலைப்பு. ஏழு கிழமைகளுக்கும் எதிரே எங்கள் பெயர்கள் வரிசையாக இருந்தன. கிளைவின் பெயர் எங்கும் இல்லை.

“நேத்துதான் பாத்தேன், மார்னி,” என்றான். “வெள்ளிக்கிழம நோட்டக் குடுக்கணுமாம். அதுக்குள்ள ஒரு வரியிலயாவது என் பேரு வரணும்.”

“பென்சில்லதான் எழுதியிருக்கா. அழிச்சிட்டு எழுதச் சொல்லேன்.”

“சொன்னேனே. பொய் எழுத மாட்டாளாம்.”

டெஸ்ஸா நிமிர்ந்து பார்க்கவில்லை. “அப்பா, தண்ணியப் பிழியல.”

“எந்தத் தண்ணிய?”

“சுக்கினித் தண்ணிய. அம்மா துணியில கட்டி முறுக்குவா. இல்லாட்டி அடி சொதசொதன்னு ஆயிடும்.”

“முன்னாடியே சொல்லக் கூடாதா?”

“நீ கேக்கவே இல்லையே.”

கிளைவ் முட்டையை உடைத்து ஊற்றியிருக்கவில்லை. அந்த மட்டில் தப்பித்தான். துருவலைத் துணியில் கொட்டி, ஆட்டுத்தொழுவத்தில் வேலை பார்த்த கைகளால் முறுக்கினான். ஒரு கோப்பை அளவுக்குப் பச்சைத் தண்ணீர் வடிந்தது. பிறகு ஐந்து முட்டை, ஒரு கோப்பை மாவு, சீஸ், வெங்காயம், பேக்கன் என்ற உப்புப் பன்றியிறைச்சி நறுக்கல், அரைக் கோப்பை எண்ணெய். எல்லாவற்றையும் கலந்து தட்டில் பரப்பி ஓவனுக்குள் வைத்தான். நாற்பது நிமிடமும் ஓவனின் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் குந்தியே இருந்தான். தெருவில் யாருடைய ஸ்லைஸுக்கும் இத்தனை காவல் கிடைத்ததில்லை. வெளியே எடுத்தபோது ஒரு மூலை கருகியிருந்தது. நடுவில் கத்தியைச் செருகிப் பார்த்தான், சுத்தமாக வந்தது.

டெஸ்ஸா நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். எழுதவில்லை. “சாப்பிட்டாத்தான் கணக்கு,” என்றாள்.

அவன் முதல் துண்டை வெட்டும்போது வாசலில் கிளெனிஸ் வந்து நின்றாள். அறுபத்தெட்டு வயது. கையில் துணி சுற்றிய தட்டிலிருந்து ஆவி பறந்தது.

“பேக்கன் தாராளமாப் போட்டிருக்கேன். சூடா இருக்கு, சீக்கிரம் புடிப்பா.”

பழக்கதோஷத்தில் நானே கையை நீட்டிவிட்டேன்.

“மார்னி, வாங்காதீங்க,” என்றான் கிளைவ். மேசையருகே டெஸ்ஸா பென்சிலைப் பிடித்தபடி எங்கள் மூவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கத்தியை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தான்.

“இன்னைக்கு நான் சமைச்சிருக்கேன், கிளெனிஸ்.”

“ஓ! நல்லதாப் போச்சு. அப்போ இத ஃப்ரீசர்ல போட்டு வை.”

“ஃப்ரீசர்ல எடம் இருக்கு,” என்றான். முகம் சிவந்துவிட்டது, ஆனால் குரல் தெருவுக்கே கேட்டது. “இருந்தாலும் எனக்கு வேணாம். நீங்க அத வீட்டுக்கே எடுத்துட்டுப் போயிடுங்க.”