இருபத்தாறாவது இலக்கம்

3

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை, என் மாமனார் போனில் ஆரம்பித்த ஒரு எண்ணிலிருந்து வந்தது. எனக்குக் கணக்கு வராது. ஊரைவிட்டு வெகுதூரத்தில், ஹோட்டல் படுக்கை விரிப்புகளை வெளுத்து மடிக்கும் இடத்தில் வேலை. மெஷின் சுற்றும் நேரத்தில் எழுதுகிறேன்.

முதலில் எழுதிய தொடக்கம்: 'அவள் அப்பா வீட்டுக்குப் போன அன்று மழை கொட்டி—' (மழையே இல்லை. அடித்துவிட்டேன்.)

36

சண்டைக்குப் பிறகு மனைவி என்னோடு பேசுவதில்லை. போன் செய்தால் மாமனார்தான் எடுப்பார். சாப்பிட்டாச்சா என்று கேட்டு முடித்ததும் இருவரும் விழிப்போம். (சண்டை எதற்கு என்றால்— வேண்டாம். இரண்டு தடவை எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் நானே நல்லவனாக இருக்கிறேன்.)

360

ஒருநாள் அவர், "மாப்ளே, ஒரு ஆட்டம். ஒரு போனுக்கு ஒரு இலக்கம்னு எண்ணோட கடைசியில சேர்க்கணும். முதல் ரெண்டு இலக்கம் ரெண்டால வகுபடணும், முதல் மூணு மூணால, முதல் நாலு நாலால. இப்படியே போகணும். மீதி வரக்கூடாது" என்றார்.

ஏழாவது இலக்கமாக நான் ஐந்து சொன்னேன். போனில் அவருக்குப் பின்னாலிருந்து என் மனைவியின் குரல்:

"ஏழால வகுத்தா நாலு நிக்குதுப்பா. வாய்ப்பாடே தெரியாம எப்படித்தான் பொழைக்கிறாரோ!"

அதற்குப் பிறகு தெரிந்தே தப்பாகச் சொல்ல ஆரம்பித்தேன். சரியாகச் சொன்ன நாட்களில் குரல் வராது. இது என்ன கணக்கு என்று இன்றும் புரியவில்லை.

(இவ்வளவு பொறுமையான மாமனாரை வாசகர் நம்புவாரா? எனக்கே சந்தேகம். ஆனால் ஆள் இருக்கிறார், என்ன செய்வது?)

3608

நேற்று எண் இப்படி வந்து நின்றது:

3608528850368400786036725

"அவ்வளவுதான் மாப்ளே. இனி எதைப் போட்டாலும் இருபத்தாறால வகுபடாது. இந்த ஆட்டத்துல இதைவிடப் பெரிய எண்ணே கிடையாது. முடிஞ்சுது."

(இந்தக் கதையும் அந்த எண் மாதிரிதான், எங்கே வெட்டினாலும் மீதி இல்லாமல்— பெரிய மனுஷத்தனமான வாக்கியம். விட்டுவிடுகிறேன்.)

ஆட்டம் முடிந்துவிட்டால் நாளைக்கு எதைச் சாக்கு வைத்துப் போன் செய்வேன்?

"நாலு போட்டா, மாமா?"

"அதான் சொன்னேனே, எதுவுமே—"

"நாலுதான் மாமா. எனக்கு நல்லாத் தெரியும்."

அந்தப் பக்கம் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. போன் கை மாறியது.

"மீதி பதினாறு வருது," என்றாள். என்னிடமே சொன்னாள். "சைபர் போட்டா பன்னெண்டு நிக்கும். பதினாலு சேர்த்தாத்தான் சரியாகும். ஒத்தை இலக்கத்துல பதினாலை எங்க உக்கார வைப்பீங்க?"

இதையெல்லாம் அவள் எப்போது போட்டுப் பார்த்தாள்?

36085

இதற்கு அடுத்த வரிதான் வரவில்லை. ஒரு முடிவில் நான் மன்னிப்புக் கேட்கிறேன், அவள் அழுகிறாள். (அழுகிற ஆளா அவள்?) இன்னொன்றில் லைன் கட்டாகிறது. (எழுதியவனின் சோம்பேறித்தனம்.)

மெஷின் நின்றுவிட்டது, விரிப்புகளை எடுக்க வேண்டும். கதையில் அவள் இன்னும் லைனில்தான் இருக்கிறாள். சைபரிலிருந்து ஒன்பது வரை ஏதாவது ஒன்றை எனக்குச் சொல்லிக்கொடுங்கள். எதைச் சொன்னாலும் தப்புதான். அதனால் தைரியமாகச் சொல்லுங்கள்.