ரத்தம் பார்க்காத சம்பந்தம்

கூடத்தில் உப்பும் சர்க்கரையும் தட்டில் தயாராக இருந்தன. இரு வீட்டாரும் மாற்றிக்கொண்டால் சம்பந்தம் உறுதி. அதற்குப் பிறகு யாரும் பேச்சு மாற மாட்டார்கள். தமிழ்ச்செல்வியின் தம்பி நந்தகுமாருக்கு அவள் நாத்தனார் தேவிப்ரியாவைக் கொடுக்கிறார்கள். தமிழ்ச்செல்வியும் சொந்தத் தாய்மாமன் மகனைக் கட்டி இந்த வீட்டுக்கு வந்தவள்தான்.

ஆறு வயது மகள் இலக்கியா அவள் மடியில் கிடந்தாள். விறைத்த கால்கள் ஒன்றன்மேல் ஒன்று பின்னியிருந்தன.

"கிரகணத்தன்னிக்கு வெளிய போவாதன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டாளா?" மாமியார் பழனியம்மாள் விருந்தாளிகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆறு வருஷமாக இதே பேச்சு. தமிழ்ச்செல்வியும் நம்பினாள். வயிற்றுப் பிள்ளையோடு கொடியில் துணி எடுக்கப் போன அந்த ஐந்து நிமிடத்துக்காக எத்தனை ராத்திரி தன்னையே சபித்திருப்பாள்.

போன மாதம் சேலத்தில் டாக்டர் வேறு காரணம் சொன்னார். செல்லுக்குள் தயாராகும் பொருள்களைச் சின்னச் சின்ன சவ்வுப் பைகளில் அடைத்து உரிய இடத்துக்கு அனுப்ப ஒரு மரபணு வேண்டும். இலக்கியாவுக்கு அதன் இரண்டு பிரதியும் பழுது.

"அட்ரஸ் இல்லாம லோடு ஏத்துனாப்பலீங்களா?" என்று கேட்டான் அவள் கணவன் மணிமாறன். லாரிக்கு பாடி கட்டுகிறவன்.

"ஆமா. ஒரு பழுது உங்ககிட்ட இருந்து, ஒண்ணு அவங்ககிட்ட இருந்து. சொந்தத்துல யாருக்காவது கல்யாணம்னா முதல்ல ரத்தம் பாத்துருங்க."

அவ்வளவு தெளிவாகப் புரிந்துகொண்டவன்தான் திரும்பும் பஸ்ஸில் சொன்னான்: "தேவி கல்யாணம் முடியட்டும். வாயத் தொறக்காத."

இப்போது தட்டருகே வெள்ளைச் சட்டையில் நிற்கிறான். அம்மாவின் கிரகணக் கதையைக் கேட்டுத் தலையாட்டிச் சிரிக்கிறான்.

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் தமிழ்ச்செல்வி எழுந்தாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். பூ வைத்துக்கொண்டிருந்த தேவிப்ரியாவிடம் போனை நீட்டினாள்.

"என்னங்க அண்ணி இது?"

"பாப்பாவோட ரிப்போர்ட்டு. படி. இந்தப் பழுது உன்ற அண்ணனுக்கும் எனக்கும் இருக்குது. உனக்கும் என்ற தம்பிக்கும் இருக்கலாம்."

தேவிப்ரியா இரண்டு முறை படித்தாள். பாதி வைத்த பூவோடு கூடத்துக்கு வந்தாள். தமிழ்ச்செல்வியும் பின்னாலேயே வந்தாள்.

"அண்ணா, இது உனக்குத் தெரியுமா?"

மணிமாறன் மனைவியைத்தான் பார்த்தான். "உனக்கு வேற நேரமே கெடைக்கலியா?"

"கெடச்சிருந்தா நீங்க சொல்லியிருப்பீங்களாக்கும், மாமா?"

அவன் முகத்திலிருந்து சிரிப்பு மறைந்து போனது. தேவிக்காகத்தான் எழுந்தேனா, இதைப் பார்க்கவா என்று தமிழ்ச்செல்வி தன்னையே கேட்டாள். இதைப் பார்க்கத்தான். வெட்கமாக இல்லை.

தேவிப்ரியா நந்தகுமார் பக்கம் திரும்பினாள். "நாளைக்கு ரெண்டு பேரும் சேலம் போய் ரத்தங் குடுத்துட்டு வந்தர்லாமுங்களா?"