விரலை எடுக்கும்வரை

என் அறையை மாப்பிள்ளையும் அவர் கூட்டாளி சோடாபுட்டியும் பிடித்துக்கொண்டு எட்டு மாதமாகிறது. நான் ஹாலில் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் படுக்கிறேன். அது என்னைவிட அதிகமாக முனகும்.

"ஒரு ஆர்டர் வந்தா ஆபீஸ் பிடிச்சுப் போயிடுவாங்கப்பா" என்றாள் மகள். நான் நம்பவில்லை. ஆனாலும் கட்டில் ஆசை விடவில்லை.

அவர்கள் தொழில் இதுதான்: கம்ப்யூட்டர், போன், டேப்லெட் மூன்றிலும் ஓடுகிற பட்டன்களைச் செய்து, புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு விற்பது. பட்டன் விற்கிறவனுக்கு இத்தனை சண்டை எதற்கு என்றுதான் தெரியவில்லை.

"அந்தந்த மெஷினோட சொந்த பட்டனையே வைப்போம்டா. ஜனங்களுக்குக் கை பழகினது அதான்" என்பார் மாப்பிள்ளை.

"மூணு மெஷின்ல மூணு மூஞ்சி! நாமளே வரைஞ்சா எல்லாத்துலயும் ஒரே அழகு" என்பான் சோடாபுட்டி.

அன்று காலை பத்து மணிக்கு ஆர்டர் தரப்போகிற அம்மா வந்தாள். ஊர் முழுக்கக் கிளினிக் வைத்திருப்பவள். கையோடு முந்நூறு நோயாளிகளின் பெயர்ப் பட்டியல் கொண்டுவந்திருந்தாள்.

மாப்பிள்ளையின் பட்டன்களைப் பார்த்தாள். எல்லாம் சாம்பல் நிறம். "எங்க கிளினிக் பச்சை எங்கே?" என்று முகத்தைச் சுளித்தாள். என் கட்டில் கண்ணுக்கு எட்டாத தூரத்துக்குப் போனது.

சோடாபுட்டி அந்தப் பட்டியலை டேப்லெட்டில் ஏற்றி, தன்னுடையதைத் திறந்தான். பச்சைப் பசேலென்று இலை இலையாகப் பட்டன். அம்மாவுக்கு வாயெல்லாம் பல்.

"எங்ககிட்ட வர்றவங்க பாதிப் பேர் வயசானவங்க. பெரியவர் ஒரு தடவை அமுக்கிப் பார்க்கட்டுமே" என்றாள்.

திரையில் 'எல்லாவற்றையும் அழிக்கவா?' என்று இருந்தது. நான் முப்பது வருஷம் லாரி ஓட்டியவன். எதையும் சட்டென்று ஒத்துக்கொள்கிற ஜாதி இல்லை. பட்டன் மேல் விரலை வைப்பேன், இன்னொரு தடவை படிப்பேன், சரிப்படவில்லை என்றால் விரலை எடுக்காமலே பக்கத்துக்கு இழுத்து, பட்டனுக்கு வெளியே போய்த்தான் எடுப்பேன். என் போனில் அப்படிச் செய்தால் ஒன்றும் நடக்காது.

இலை மேல் வைத்தேன். பலூன் மாதிரி உப்பியது. பயந்து விரலை இழுப்பதற்குள் முந்நூறு பேரும் காலி. இலைகள் உதிர்கிற படம் வேறு ஓடியது.

"மாமா! என்ன காரியம் பண்ணிட்டீங்க!" என்று அலறினார் மாப்பிள்ளை.

"நான் வேண்டாம்னுதானேய்யா இழுத்தேன்? தொட்ட உடனே அழிக்கறதுக்கு அதென்ன பட்டனா, எலிப்பொறியா?"

சோடாபுட்டி கண்ணாடியைத் துடைத்தான். "தொட்ட உடனே வேலை நடந்தா வேகமா இருக்கும்னு…" என்று இழுத்தான்.

அம்மா சிரித்துவிட்டாள். பட்டியலுக்கு நகல் வைத்திருந்தாளாம். "எங்க ஆளுங்களும் இப்படித்தான், வெச்சுட்டு யோசிப்பாங்க. பச்சையும் வேணும், இவர் மாதிரி ஆளும் தப்பிக்கணும். முடியுமா?"

இருவரும் என் அறைக்குள் ஓடினார்கள். ஒரு மணி நேரம் ஒருவரையொருவர் கழுதை என்று திட்டிக்கொண்டார்கள். வெளியே வந்தபோது உள்ளே மெஷினின் சொந்த பட்டன், மேலே பச்சைப் பூச்சு. விரல் பட்டால் எப்படி நடந்துகொள்வது என்பது மெஷின் பாடு, நிறம் நம் பாடு. உப்பல் இல்லை; விரலை நேராக எடுத்தால்தான் வேலை நடக்கும்.

அம்மா ஆர்டர் கொடுத்தாள், ஒரு நிபந்தனையோடு: "ஒவ்வொரு பட்டனையும் இந்தப் பெரியவர் அமுக்கிப் பார்க்கணும். ஆபீஸ் எல்லாம் வேணாம். இவர் இருக்கிற வீட்டுலயே வேலை நடக்கட்டும்."

டேப்லெட்டை என்னிடம் நீட்டினாள். திரையில் ஆர்டரும் நிபந்தனையும், அடியில் பச்சையாக 'சம்மதம்'.

விரலை வைத்தேன். படித்தேன். எடுக்கவில்லை.

"எடுங்க மாமா" என்றார் மாப்பிள்ளை, நெற்றி வேர்க்க.

"அறையில இருக்கற மேஜை மூணையும் ஹாலுக்குத் தள்ளுங்க. கட்டிலை உள்ள போடுங்க. அப்புறம் எடுக்கறேன்."

"அப்பா, விருந்தாளி முன்னாடி…"

"இழுத்துடுவேன்!"

சோடாபுட்டி மேஜையின் ஒரு காலைப் பிடித்தான், மாப்பிள்ளை மறு காலை. அந்த அம்மாவே கீபோர்டுகளைத் தூக்கிப் போனாள். விரல் மரத்துப்போனது, ஆனால் அசைக்கவில்லை. கடைசியாகத் தலையணை உள்ளே போனதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நேராக மேலே எடுத்தேன்.

மாப்பிள்ளை இப்போது ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறார். ரொம்ப முனகுகிறதாம்.