வலது ஓரத்துச் சிவப்பு

மாமியாரைக் குளிப்பாட்டி, தலை துவட்டி, சன்னலோர நாற்காலியில் உட்காரவைப்பதற்குள் அழைப்பு மணி அடித்துவிட்டது. மருமகளுக்குச் சட்டைக் கை இரண்டும் முழங்கை வரை நனைந்திருந்தன. காலையிலிருந்து ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நின்றபடியே நரம்பு தேடித் தேடி ஊசி குத்திவிட்டு, மூன்று மாடி ஏறி வந்து, வந்த காலோடு குளியலறைக்குள் போனவள். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று உடம்பு சொல்லிக்கொண்டே இருந்தது. கதவைத் திறக்கக் கணவன் போனான்.

வந்தவள் ஓவியக்கூடம் நடத்துகிற அம்மாள். மூன்று மாடி ஏறிய மூச்சு வாங்கலோடு உள்ளே வந்து, தண்ணீர் கூட வேண்டாமென்று கையசைத்துவிட்டு, நேராகச் சுவரிலிருந்த படத்தின் முன்னால் போய் நின்றாள். பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்கிற தாயைப் போல இரண்டடி பின்னால் வந்து பார்த்தாள், மறுபடி கிட்டே போனாள்.

இந்த வீட்டில் யாரும் அந்தப் படத்தை அப்படிப் பார்த்ததில்லை. முழுக்கச் சாம்பல் நிறம். நடுவே கோணல்மாணலாகக் கறுப்புக் கட்டங்கள், பாதி திறந்த கதவுகள் மாதிரி. வலது ஓரத்தில் மேலிருந்து கீழே கனமாக ஒரு சிவப்புப் பட்டை. வீட்டுக்கு வருகிறவர்கள் "இது என்னது?" என்று கேட்டால், "சுவத்துல ஈரம் பூத்திருக்கு, சட்டம் போட்டு மாட்டிட்டோம்" என்று கணவன் சொல்வான். எல்லோரும் சிரிப்பார்கள். வரைந்தவர் இறந்து வெகுகாலத்துக்குப் பிறகு அவர் பேர் வெளியே அடிபடத் தொடங்கியதும் அந்தச் சிரிப்பு நின்றுபோயிற்று.

விற்கச் சொன்னது மாமியார்தான். குளிர்காலத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு ஒடிந்ததிலிருந்து அவள் தெருவைப் பார்ப்பது சன்னல் வழியாக மட்டும். இந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. வைத்தியத்துக்குப் போகும் நாளில் நாற்காலியோடு தூக்கி இறக்கவேண்டும். முன்னால் மகன், பின்னால் மருமகள். போனமுறை இரண்டாம் மாடித் திருப்பத்தில் மகனுக்கு முதுகு பிடித்துக்கொள்ள, மூவரும் படியிலேயே உட்கார்ந்து, ஏறுகிறவர்களுக்கும் இறங்குகிறவர்களுக்கும் வழிவிட்டுக்கொண்டிருந்தார்கள். அன்று சாயங்காலம் மாமியார் சொன்னாள்: "அந்தப் படத்த வித்துட்டுத் தரைத்தளத்துல ஒரு வீடு பாருங்க. செவுத்துல தொங்குறது நம்மளத் தூக்கிட்டுப் போகவா போகுது?" வீடும் அமைந்தது. அந்த வீட்டுக்காரர் பணத்துக்கு இந்த வாரத்துக்கு மேல் பொறுக்கமாட்டேன் என்று சொல்லியிருந்தார்.

ஓவியக்கூடத்து அம்மாள் சின்ன டார்ச்சை அடித்துப் படத்தின் பின்புறத்தையும், மூலையிலிருந்த கையெழுத்தையும் பார்த்து முடித்தாள். பிறகு மாமியாரின் பக்கம் திரும்பி, வழக்கமாகக் கேட்கிற கேள்வியைத்தான் கேட்டாள்.

"இது உங்ககிட்ட எப்படிம்மா வந்துச்சு?"

"என் கல்யாணத்துக்குக் குடுத்தாரு. நான் டைப் அடிச்சிட்டிருந்த ஆபீஸுக்கு மேல்மாடியிலதான் அவரு ரூம். மத்தியானச் சாப்பாட்ட அள்ளிப் போட்டுக்கிட்டு மேல ஓடிடுவேன்."

"அவரு வரையறத நேர்லயே பாத்திருக்கீங்களா?"

"பாக்குறதா?" மாமியார் ஈரத் தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டாள். "அந்தச் செவப்பு நான் போட்டதும்மா."

கணவன் அவசரமாகச் சிரித்தான். "அம்மா சும்மா சொல்றாங்க மேடம். வயசாச்சில்ல, எதையாவது எதோடயாவது முடிச்சுப் போட்டுடறாங்க."

"எனக்கு ஒண்ணும் ஆகல, நீ சும்மா இருடா." குரல் உயரவில்லை. "அந்த வருஷம் அவருக்குக் கை நடுக்கம். மிச்சமெல்லாம் முடிச்சிட்டாரு, ஓரம் மட்டும் மாசக்கணக்கா வெறுமனே கெடந்துச்சு. ஒருநாள் பிரஷ்ஷ எங்கையில குடுத்து 'நீ போடு'ன்னாரு. போட்டேன். ரொம்ப நேரம் பாத்துட்டு, சரியா வந்துடுச்சுன்னு சொல்லி, அவரே கையெழுத்துப் போட்டாரு."

டார்ச் அணைந்தது. ஓவியக்கூடத்து அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "இன்னொருத்தர் கை பட்டதுன்னா நான் வாங்கறவங்ககிட்ட சொல்லியாகணும் சார். சொன்னா யாரும் வாங்கமாட்டாங்க." சற்று யோசித்துவிட்டு மருமகளைப் பார்த்தாள். "நீங்கதான் கூடவே இருந்து பாத்துக்கறீங்க. ஆஸ்பத்திரியில வேற வேலை பாக்கறீங்க. நீங்க சொல்லுங்க, அம்மாவுக்கு ஞாபகமெல்லாம் எப்படி?"

மாமியாரின் ஞாபகம் ஊசிமுனை. எந்த மாத்திரை எந்த வேளைக்கு என்று மருமகளுக்கு எடுத்துச் சொல்வது அவள்தான். அடுப்பை அணைத்தாயா என்று கேட்டு வாசல்வரை போனவளைத் திருப்பி அழைப்பவளும் அவள்தான். மருமகள் கணவனைப் பார்க்கவில்லை. அவன் தன்னைப் பார்க்கிறான் என்பது தெரிந்தது. படிகள் நினைவுக்கு வந்தன; நாற்காலிக் காலின் இரும்பு உள்ளங்கையில் அழுத்திய இடம் நினைவுக்கு வந்தது.

"சில நாள் நல்லா இருப்பாங்க," என்றாள். "சில நாள் கொஞ்சம் கலங்கிடும்."

"இன்னிக்கு?"

"இன்னிக்கு ரொம்பக் களைச்சுப் போயிருக்காங்க."

மாமியார் அவளை ஒருமுறை பார்த்தாள். பிறகு முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஓவியக்கூடத்து அம்மாள் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டாள். மாமியாரின் பின்தலையைப் பார்த்தாள், அந்தச் சிவப்பைப் பார்த்தாள். நம்பினாளா, நம்பிக்கொள்வது என்று முடிவெடுத்தாளா என்று மருமகளால் சொல்ல முடியவில்லை. "சரி," என்று கைப்பையைத் திறந்தாள்.

கீழேயிருந்து இரண்டு ஆட்கள் கம்பளியோடு வந்தார்கள். பிணத்தைச் சுற்றுவதுபோல அல்லாமல், தூங்குகிற குழந்தையைச் சுற்றுவதுபோலத்தான் சுற்றினார்கள். ஓவியக்கூடத்து அம்மாளும் அவர்கள் பின்னாலேயே இறங்கினாள். படியில் "பாத்து, பாத்து" என்று கணவன் சொல்லிக்கொண்டே போகிற சத்தம் இறங்கி இறங்கித் தேய்ந்தது.

மருமகள் டீ போட்டுக் கொண்டுவந்து நீட்டினாள். மாமியார் வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு அவளை ஏறிட்டுப் பார்த்தாள்.

"நீ யாரும்மா?"

ஆஸ்பத்திரிப் பழக்கத்தில் மருமகளின் கண் தானாகவே வாய்க் கோணலைத் தேடியது, டம்ளர் பிடித்த கை தளர்கிறதா என்று பார்த்தது. ஒன்றும் கோணவில்லை.

"டீ நல்லா இருக்கு," என்றாள் மாமியார். "வேலைக்குப் புதுசா?"

மருமகள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "வேற என்ன சொல்லச் சொல்றீங்க அத்தை? இனிமே உங்களத் தூக்கிட்டு எறங்க எனக்குத் தெம்பில்ல. சத்தியமா இல்ல."

"விக்க வேணாம்னு நான் சொன்னேனா? விக்கச் சொன்னதே நான்தானே." மாமியார் டம்ளரைச் சன்னல் விளிம்பில் வைத்தாள். "அவங்க கேட்டாங்க, சொன்னேன். இத்தன வருஷத்துல ஒருத்தரும் கேக்கலியே."

வாரம் தவறாமல் அந்தப் படத்தைத் தூசி தட்டியவள் மருமகள். அந்தச் சிவப்பு மட்டும் துணியில் தட்டுப்படும். தடிப்பாக, மேடும் பள்ளமுமாக இருக்கும். அதைத் தடவிக்கொண்டே அரிசி தீர்ந்ததையும் பிள்ளையின் பரீட்சையையும் நினைத்திருக்கிறாள்.

எதையாவது செய்தாகவேண்டும் போலிருந்தது. அலமாரி இழுப்பறையிலிருந்து நகவெட்டியை எடுத்துவந்து, ஒரு பழைய பேப்பரை விரித்து, மாமியாரின் வலது காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். குளித்த ஈரத்தில் நகம் இளகித்தான் இருந்தது. கட்டைவிரல் முடிந்ததும், தலை நிமிராமல் கேட்டாள்.

"எப்படிப் போட்டீங்க அத்தை? மேலேருந்தா, கீழேருந்தா?"

"ஞாபகமில்ல."

அடுத்த விரலுக்குப் போனாள். கீழே வண்டியின் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. இஞ்சின் இருமி, நின்று, மறுபடி இருமியது. யாரோ தள்ளச் சொன்னார்கள். இருவரும் எட்டிப் பார்க்கவில்லை. வண்டி கிளம்பித் தெருமுனை திரும்புகிறவரை மாமியார் கண்ணை மூடியிருந்தாள். அப்புறம், ஒடிந்த இடுப்பின் பக்கமிருந்த இடது காலை இரண்டு கையாலும் மெல்லத் தூக்கி, மருமகளின் மடியில் வைத்தாள்.